வார்த்தை புரியணும்

"மாப்ள, இன்னிக்காவது ஜனங்களுக்கு வார்த்தை புரியணும்!"

கிட்டார்காரன் மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். பத்து வருஷமாக ஹெவி மெட்டல் வாசித்து ஊரையே அதிரவைத்த குழு, இன்று முதன்முறையாக மெல்லிசைக்கு மாறப்போகிறது.

பாடகன் அவன் தங்கையைக் கட்டியவன். இதுவரை வாயைத் திறந்தாலே உறுமல்தான்.

"எதுக்கு மச்சான் இந்த விஷப்பரீட்சை? பழையபடி உறுமிட்டே போயிடறேனே. நல்லாத்தானே ஓடுது?"

"நீ உறுமிட்டுப் போயிடுவே. எழுதினவன் நானாச்சே! மண்டையை உடைச்சுக்கிட்டு எழுதின வரி ஒருத்தனுக்காவது கேட்டிருக்கா? பக்கத்துல நிக்கற எனக்கே நீ பாடறது கேட்டதில்ல!"

"நீ வைக்கற சத்தத்துக்கு..." என்று ஆரம்பித்த டிரம்காரர், பாடகன் முறைத்ததும் திருகாணியை முடுக்குவதில் மும்முரமாகிவிட்டார்.

குழுவுக்குச் சோறு போட்டதே இன்று முதலில் பாடப்போகும் அந்த ஒரு பாட்டுதான். அது தொடங்கினால் போதும், அரங்கம் மொத்தமும் எழுந்து கிட்டார்காரனைப் பார்த்துக் கைநீட்டிக் கத்தும். புரியாமலேயே இத்தனை கொண்டாட்டம் என்றால், புரிந்துவிட்டால்? நினைக்க நினைக்க அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

போதாக்குறைக்கு, "இதெல்லாம் ஒரு பாட்டாடா?" என்று வீட்டில் பொழுதன்னைக்கும் கரித்துக்கொட்டும் அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி முதல் தடவையாக அழைத்து வந்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்தான். பிள்ளை ஒரு கவிஞன் என்று அவருக்கு இன்றைக்குத் தெரிந்தாக வேண்டும்.

"வரியெல்லாம் ஞாபகம் இருக்குல்ல மாப்ள?"

"ஒரே ஒரு தடவை முதல்லேர்ந்து சொல்லிடேன், மச்சான்."

"பத்து வருஷமா பாடறவன் கேக்கற கேள்வியா இது?" என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். "எரியும் நிலவே, என் எலும்பில் இறங்கு..."

பாடகன் வியர்க்க விறுவிறுக்க அதை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டான். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை மச்சான். வேற பாட்டைத் தொடங்கிடலாமே?"

"பேசாம வா!"

மேடையில் விளக்கு விழுந்தது. கிட்டார்காரன் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஆம்ப்ளிஃபயரின் சத்தத்தைக் குறைத்தான். டிரம்காரர் தடவிக்கொடுப்பதுபோல் தட்டினார். அரங்கம் திகைத்து அடங்கியது. முன்வரிசையில் அப்பா இருமியதுகூட மேடைக்குக் கேட்டது.

பாடகன் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, "எரியும்..." என்று வாயெடுப்பதற்குள் அரங்கம் முந்திக்கொண்டது. எல்லோரும் எழுந்து நின்று, பத்து வருஷமாகப் பாடகன் உறுமிக்கொண்டிருந்த அதே வரியை ஓர் எழுத்துப் பிசகாமல் பாடினார்கள். எழுதியவன் அதை இன்றுதான் முதன்முறையாகக் காதால் கேட்டான்:

"கொறைடா மச்சான், கிட்டாரைக் கொறைடா! என் குரல் எனக்கே கேக்கலைடா!"

இரண்டாம் தடவை அதே வரி வந்தபோது, முன்வரிசையில் அப்பாவும் எழுந்து நின்று மனமுருகிச் சேர்ந்து பாடினார்.