கதவோரத்து பூட்ஸ்

நவம்பர் மாதத்து பிற்பகல் மூன்று மணி வெளிச்சம், வடகோடிக் குளிர்நாட்டின் துர்கு நகரத்து ஜன்னலில் சாம்பலாக வடிந்துகொண்டிருக்கிறது. மனநல ஆலோசகர் மார்கெத்தா கையில் ஒரு பழந்துணியோடு காத்திருக்கிறாள். அவளுடைய மேசை இழுப்பறையில், தன்னிடம் ஆலோசனைக்கு வரும் வெய்க்கோவை வேறு ஆலோசகரிடம் மாற்றிவிடும்படி கேட்டு எழுதிய கடிதம் இருக்கிறது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. ஏழு மாதமாக வியாழக்கிழமைதோறும் அவர் வருகிறார். இங்கே யாரும் காலணியோடு அறைக்குள் வருவதில்லை. வெய்க்கோ மட்டும் மழையோ பனியோ, சொட்டும் பூட்ஸோடு கம்பளத்தை மிதித்து வந்து உட்கார்ந்து, "தலையாட்டுறதுக்குன்னே படிச்சியா நீ?" என்பார். பாதியிலேயே எழுந்தும் போய்விடுவார். அவர் போனபின் அவள் மண்டியிட்டு ஈரத்தைத் துடைப்பாள், சில நாள் அழுதுகொண்டே. இன்று வாசலில் வெகுநேரமாகச் சத்தமே இல்லை. எட்டிப் பார்க்கிறாள். அந்த அறுபது வயது மனிதர் சுவரைப் பிடித்துக் குனிந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். கம்பளிக் காலுறையின் ஓட்டையில் கட்டைவிரல் சிவந்து தெரிகிறது. கழற்றிய பூட்ஸை அவளுடையதற்குப் பக்கத்தில் ஒழுங்காக வைக்கிறார்.

"என்ன பாக்குற? கால் புழுங்குது, அவ்வளவுதான்."

"நான் ஒண்ணும் கேக்கலையே. உள்ள வாங்க."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஓட்டைக் காலை மற்றக் காலால் மறைத்துக்கொள்கிறார். "இன்னைக்கு முழு நேரமும் இருக்கேன். உனக்கு ஒண்ணும் சிரமம் இல்லன்னா."

மார்கெத்தா இழுப்பறையைத் திறந்து, நனையாத துணியைக் கடிதத்தின் மேல் வைத்து மூடுகிறாள்.