எட்டு மில்லிமீட்டர்

கிழவரின் வயிற்றில் போட்டிருந்த மைக்குறிமேல் சிவப்பு ஒளிக்கோடு அச்சு அசலாக விழுந்தது. ஆனால் ஸ்கேன் படத்தில் பார்த்தால், உள்ளே கட்டி இருக்கும் இடத்தில் எட்டு மில்லிமீட்டர் விலகல். கதிர்வீச்சு டெக்னீஷியனுக்குச் சுருக்கென்றது. போன வாரம்வரை இரண்டைத் தாண்டியதில்லை.

"ஐயா, இந்தக் குறியை யாராவது அழிச்சு வரைஞ்சாங்களா?"

"யாரும் தொடலையே தம்பி. ஏன், எனக்கு முத்திப்போச்சா?" கிழவரின் குரல் நடுங்கியது.

அவன் வாயைத் திறப்பதற்குள், கதவருகே நின்ற அவர் மனைவி முந்திக்கொண்டாள். "நான்தாங்க. குளிக்கும்போது அழிஞ்சுபோச்சு. பேனாவால நானே வரைஞ்சுட்டேன்."

"அறிவிருக்கா உனக்கு? என் வயித்துல படம் வரைய நீ என்ன பெரிய ஓவியரா?"

ஆசை தீரத் திட்டிவிட்டு, கிழவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

படுக்கையை நகர்த்திச் சரிசெய்துவிட்டு அவளோடு வெளியே வந்த டெக்னீஷியன், தன் பங்குக்குப் பிடித்துக்கொண்டான். "என்னம்மா நீங்க! ஒரு மில்லிமீட்டருக்கு நாங்க இங்க உயிரை விடறோம்..."

"நான் தொடவே இல்லப்பா. குறி போட்ட இடத்துலதான் இருக்கு. அவர் உடம்புதான் நாளுக்கு நாள் கரையுது. நீ அதைச் சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன்."

அவன் திரும்பி, உள்ளே படுத்திருந்தவரைப் பார்த்தான்.

"போன மாசம் எடுத்த சட்டை இப்ப தொளதொளன்னு தொங்குது. அளவு தெரியாம வாங்கிட்டேன்னு சொல்லி, அதுக்கும் திட்டு வாங்கினேன். இதையும் வாங்கிட்டுப் போறேன்."