சம்பங்கி

தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு மாறிவிட்ட அந்தப் பழைய சென்ட், பூசியவுடன் வார்னிஷ் போல மூக்கைக் குத்தும். அரை மணி நேரம் போனால் கழுத்தில் சம்பங்கி விரியும். அதன் பிறகு பகல் முழுக்க வாசம் குறையாது. இது மரகதத்துக்கு நன்றாகத் தெரியும். அதனால் வீட்டிலேயே பூசிக்கொண்டுதான் கல்யாண மண்டபத்துக்கு வந்தாள்.

மணமகள் யமுனா அவளுடைய ஒரே மகள். யமுனாவின் தலையில் பூ வைக்க வேண்டியவள் தாய். ஆனால் புருஷனை இழந்தவள் பூவைத் தொடக்கூடாதென்று, அண்ணி கோமளா அவளைக் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிட்டுப் பூத்தட்டைத் தானே எடுத்துக்கொண்டாள். மரகதம் எழுந்து நேராக மேடைக்கு ஏறினாள்.

கோமளாவின் மூக்கு விடைத்தது. “பூ வச்சிருக்கியாடி?”

“இல்லையே அண்ணி.”

“பொய் சொல்லாத. சம்பங்கி வாசம் ஆளைத் தூக்குது.”

கோமளா ஒரு கையால் அவள் கொண்டையைத் துழாவினாள், முந்தானையை உதறினாள். ஓர் இதழ்கூட விழவில்லை.

“நல்லாத் தேடுங்க. கிடைச்சா எனக்கும் கொஞ்சம் கிள்ளிக் குடுங்க,” என்றாள் மரகதம்.

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கோமளா தன் விரல்களை முகர்ந்து பார்த்தாள். அவற்றிலும் அதே வாசம்.

“அம்மா, முகூர்த்த நேரம் ஆகுது,” என்று யமுனா தாயின் பக்கமாகத் தலையைக் குனித்துக் கொடுத்தாள்.

மரகதம் தட்டுக்காகக் கையை நீட்டினாள். கோமளா அசையவில்லை. நீட்டிய கையை மரகதமும் இறக்கவில்லை.