விளிம்பு உடைந்த தட்டு

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கணக்குப் பேராசிரியையின் மத்தியானத்தைக் காட்டுகிறேன். சமையலறைக் கரும்பலகை முன்னால் அவள் நிற்கிறாள். ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்கிறது. பெர்க்மன் வெளி என்னும் சார்புகளின் தொகுப்பில் ஒரு சார்பை இன்னொன்றாக மாற்றுபவை டோப்ளிட்ஸ் ஆபரேட்டர்கள். தன்னுடைய இரண்டு ஆபரேட்டர்களில் எதை முதலில் செய்தாலும் விடை ஒன்றே என்று நாளை கருத்தரங்கில் அவள் நிரூபிக்க வேண்டும். இப்போதுதான் கண்ணில் படுகிறது: நிரூபிக்க வேண்டியதையே நம்பி, நடுவரியில் இரண்டையும் இடம் மாற்றி எழுதியிருக்கிறாள். “மாத்தினா என்னவாம்? ரெண்டும் நீ பெத்ததுதானே?” என்று தட்டைத் துடைத்தபடி கேட்கிறான் புருஷன். அவள் அதைப் பிடுங்கி மேஜையில் சுழற்றுகிறாள். “வெறும் வளையம் போட்ட தட்டுன்னா எப்படித் திருப்பினாலும் ஒண்ணுதாங்க. இதுல விளிம்பு உடைஞ்சிருக்கு பாருங்க, திருப்பினா தெரிஞ்சிடும். என்னோடதுல ஒண்ணு இப்படி உடைஞ்சது. வரிசையை மாத்தினா விடையே மாறிடும்.” “அப்ப நாளைக்கு வளையத்தை மட்டும் சொல்லேன்.” “அதுதான் ஊருக்கே தெரியுமே!” முழங்கையால் அந்த வரியைத் தேய்க்கிறாள், அது அழியாமல் பலகை முழுக்க வெள்ளையாக இழுபடுகிறது. தட்டு இன்னும் கடகடக்கிறது. அவன் அதை நிறுத்தி, உடைந்த பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்து, அவளுக்குச் சோறு போடுகிறான். யார் முன்னால் வந்தாலும் யார் பின்னால் வந்தாலும், உங்கள் வீட்டுச் சோறு சூடாகவே இருக்கட்டும், கண்ணுகளா.