அறைக்கு ஒரு பாட்டு

"நாலு அறைக்கு நாலு பாட்டாம்! இது என்ன வீடா, பஸ் ஸ்டாண்டா?"

சமையலறை வாசலில் நின்று அந்த அம்மாள் போட்ட போட்டில், ஹாலில் ஸ்டூல் மேல் நின்றிருந்த ஸ்பீக்கர்காரன் திருகாணியைக் கீழே தவறவிட்டான்.

எத்தனையோ வீட்டுக்கு ஒயரில்லாத ஸ்பீக்கர் மாட்டியவன் அவன். எல்லோரும் ஒன்றைத்தான் கேட்பார்கள். போனில் ஒரு தட்டு தட்டினால் வீடு முழுக்க ஒரே பாட்டு, மயிரிழை பிசகாமல் சேர்ந்து பாட வேண்டும். அதில்தான் அவனுக்குப் பேர்.

இந்த வீட்டுப் பெரியவரோ தலைகீழ். ஹாலுக்குக் கிடார். சமையலறைக்குப் புல்லாங்குழல். படுக்கையறைக்கு வயலின். குளியலறைக்கு மழைச் சத்தம். காலையில் எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் ஓயக் கூடாது.

"சார், சேர்த்து விடறேன், ஒரு தடவை கேட்டுப் பாருங்க. சினிமாக் கொட்டகையில உட்கார்ந்த மாதிரி இருக்கும்."

"கேட்டதைச் செய்யப்பா."

"கதவு நிலைக்கு மேலேயே எல்லாத்தையும் மாட்டச் சொல்றீங்க. மூலையில வச்சா சத்தம் இன்னும் நல்லா வரும்."

"நல்லா வராட்டிப் போகுது. எங்கேயிருந்து வருதுன்னு தெரிஞ்சா போதும்."

"பார்த்தியா தம்பி?" என்றாள் அம்மாள். "ரிட்டையர் ஆனதும் ஆளே மாறிட்டார். பட்டப்பகல்ல வீட்டு விளக்கு பூரா எரியணும். இப்போ இந்தக் கூத்து. என் தலைவலியைப் பத்தி யாருக்கு என்ன?"

"பழகிக்கோ," என்றார் பெரியவர். அவ்வளவுதான் பதில்.

ஸ்பீக்கர்காரன் திருகாணியை வெடுக்கென்று முறுக்கினான். கூடவே குடித்தனம் பண்ணுகிறவளிடம் பேசுகிற பேச்சா இது?

அவன் இறங்கிப் படுக்கையறை வேலையைப் பார்க்கப் போனான். அந்தப் பக்கம் வந்த பெரியவர், நடு ஹாலில் அவன் விட்டுப் போன ஸ்டூலில் மடாரென்று இடித்துக்கொண்டார்.

"வழியில எதையும் போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" என்று பெண்டாட்டி மேல் பாய்ந்தார்.

"ஆமா, ஸ்டூலுக்குக் கால் முளைச்சு உங்களை மோத வந்துச்சு!" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள் அவள்.

அவனுக்குப் பொறுக்கவில்லை. "சார், தப்பா நினைக்காதீங்க. ஸ்டூலைப் போட்டது நான். அம்மா மேல ஏன் எரிஞ்சு விழறீங்க? அவங்களுக்காக ஒரு அறையிலாவது பாட்டு இல்லாம விட்டுடலாமே?"

பெரியவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "போனைத் தொடாம, வாயால சொன்னாலே பாடும்னியே, அதைப் பண்ணிட்டியா?"

"பண்ணியாச்சு," என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வேலை முடிந்த சீட்டை மேஜை மேல் வைத்துப் பேனாவை நீட்டினான். "இதுல ஒரு கையெழுத்து."

பெரியவர் குனிந்தார். நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். சீட்டுக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் மேஜைப் பலகையில்.



"சார்... சீட்டு இந்தப் பக்கம் இருக்கு."

பெரியவர் சமையலறைப் பக்கம் காதைக் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஓரத்திலேர்ந்து இருட்டிக்கிட்டே வருதுப்பா. இன்னும் ஆறு மாசம், மிஞ்சினா எட்டுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதுக்குள்ள காதைப் பழக்கிக்கணும். கிடார் கேட்டா ஹால். மழை கேட்டா குளியலறை. யார் கையும் பிடிக்காம நடந்துடுவேன்."

"அம்மாகிட்ட..."

"மூச்சு விட்டுடாதே. படுத்த படுக்கையாக் கிடந்த எங்கம்மாவைப் பன்னிரண்டு வருஷம் தூக்கி நிறுத்தினவ அவ. இப்பத்தான் முதுகை நிமிர்த்தியிருக்கா. மறுபடியும் ஒரு ஆளை அவ தலையில கட்டவா? கிறுக்கன்னு திட்டிட்டுப் போகட்டும்."

ஸ்பீக்கர்காரன் அவர் விரலைப் பிடித்துச் சீட்டின் மேல் வைத்தான். சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். வானம் மூட்டம் போட்டிருந்தது.

"தம்பி!"

வாசல் கேட்டுக்கே வந்துவிட்டாள் அந்த அம்மாள். கையில் அவன் மறந்த ஸ்க்ரூடிரைவர்.

அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. "வரேம்மா. சத்தம் ரொம்பத் தொந்தரவா இருந்தா..."

அவள் ஒரு தடவை வீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"குளியலறைக்கு மட்டும் மழை வேண்டாம் தம்பி. குழாயைத் திறந்தா, எது தண்ணி எது பாட்டுன்னு புரியாது. அங்கேதான் ரெண்டு தடவை நெத்தியை இடிச்சுக்கிட்டார். குருவிச் சத்தம் ஏதாவது வை. நாளைக்கு நீயே யோசிச்சுச் சொன்ன மாதிரி போன் பண்ணி அவர்கிட்டச் சொல்லு."

ஸ்பீக்கர்காரன் பையைக் கீழே வைத்தான். "உங்களுக்குத் தெரியுமா? அப்புறம் ஏம்மா அந்தத் திட்டுத் திட்டினீங்க?"

"திட்டாம சரின்னு இருந்தா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவர் கண்டுபிடிச்சுட மாட்டாரா?"

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுத்த நிமிஷம் தெருவுக்கே கேட்டது அவள் குரல்.

"நாலு அறைக்கு நாலு பாட்டு! இந்த வீட்டுல மனுஷன் இருப்பானா?"

திறந்திருந்த கதவு வழியே அவன் பார்த்தான். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே அந்த அம்மாள், நடு ஹாலில் அவன் மறந்து விட்டுவந்த ஸ்டூலை இரண்டு கையாலும் தூக்கி, கொஞ்சமும் ஓசைப்படாமல் சுவரோரம் வைத்தாள்.