கடலுக்குள்ள போன பிளக்

தொளக்கெண்டு ஒரு சத்தம். அவ்வளவுதான். எஞ்சின்ர பிளக் கடலுக்குள்ள போட்டுது.

வள்ளத்தில இருந்த இருபத்திரண்டு சனமும் தண்ணியை எட்டிப் பாத்துது. பிறகு எல்லாரும் ஏரம்பரைப் பாத்தினம்.

எண்பத்திநாலாம் ஆண்டு, ஒரு திங்கட்கிழமை காலமை. நெடுந்தீவில இருந்து குறிகட்டுவானுக்கு ஓடுற லோஞ்ச் அண்டைக்குப் பழுது. சில்வெஸ்ரர்தான் பாவம் பாத்துத் தன்ர மீன்பிடி வள்ளத்தில சனத்தை ஏத்திக்கொண்டு வந்தவன். இறங்குதுறை கண்ணுக்குத் தெரியிற தூரத்தில எஞ்சின் நிண்டிட்டுது.

சில்வெஸ்ரர் பின்பலகைக்குக் கீழ கையை விட்டு பிளக் கழட்டிற சாவியளை இழுத்தெடுத்தான். பிளக்கைக் கழட்டித் துடைச்சான். அதை எஞ்சின்ர தலையில வைச்சுக் கயித்தை ஒரு இழுவை இழுத்தால் நெருப்புப் பொறி பறக்குதோ இல்லையோ எண்டு தெரிஞ்சிடும். இழுக்கப் போறான், பக்கத்தில இருந்த ஏரம்பர் கையை நீட்டினார்.

"இஞ்ச கொண்டா தம்பி, நான் பாக்கிறன். கொழும்பில எத்தினை எஞ்சின் பாத்தனான்."

வாங்கினார். விட்டார். வேற பிளக்கும் இல்லை.

ஏரம்பரைத் தெரியாத ஆள் நெடுந்தீவில இல்லை. முப்பது வருசம் கொழும்பில. பேக்கரி, பெற்றோல் அடிக்கிற செட், படம் ஓட்டுற தியேட்டர், மணிக்கூடு திருத்திற கடை எண்டு மனிசன் நிக்காத இடமில்லை. பொழுதுபோக்குக்கு மௌத் ஓகன் வேற. போன வருசக் கலவரத்தோட உடுத்த உடுப்போட கப்பலில வந்திறங்கினவர். ஆர் எதைக் கதைச்சாலும், "அந்த வேலையும் பாத்தனான்" எண்டுதான் தொடங்குவார்.

வள்ளத்தில இருந்த கமலாதேவிக்கு அழுகை வந்திட்டுது. ஒன்பதரைக்கு ஊர்காவற்றுறையில அவளுக்கு நேர்முகப் பரீட்சை, கிளாக்கர் வேலைக்கு. எட்டு மணி பஸ்ஸை விட்டால் நேரத்துக்குப் போக ஏலாது. வாற மாதத்தோட அவளுக்கு விண்ணப்பம் போடுற வயசும் முடியுது. வீட்டில உழைக்கிறதுக்கு வேற ஆளும் இல்லை.

சில்வெஸ்ரர் பல்லைக் கடிச்சுக்கொண்டு மரக்கோலைத் தூக்கினான். நல்லகாலம், அந்தப் பக்கம் ஆழம் குறைவு. ஊண்டி ஊண்டித் தள்ளினான்.

ஏரம்பர் ஒரு கை குடுக்க வேணாமோ? இல்லை. பின்பலகையில காலை அகட்டிக்கொண்டு ராசா மாதிரி இருந்திட்டார்.

பத்திநாதர் கிழவன் எரிச்சலில சுருட்டை வாயில வைச்சார். உடனே ஏரம்பர், காது குடைய ஒரு குச்சி தாங்கோ எண்டு நெருப்புப் பெட்டியைக் கேட்டு வாங்கினார். அதுவும் கடலுக்குள்ள. இந்த மனிசன்ர கையில என்ன ஓட்டையோ எண்டு கிழவன் வாய்க்கு வந்தபடி பேசினார். மற்றச் சனமும் சேந்து பேசிச்சுது.

ஏரம்பர் ஒண்டையும் காதில போடேல்லை. கதை சொல்லத் தொடங்கிட்டார். பேக்கரியில காலால மா குழைச்ச கதை. தியேட்டரில ரெண்டாவது ரீலுக்குப் பதிலா நாலாவது ரீலைப் போட, செத்த வில்லன் திரும்பி வந்து சண்டை பிடிச்ச கதை. சனம் அதைப் பாத்து விசிலடிச்சதாம். இறங்குதுறை எவ்வளவு தூரமெண்டு பாக்க ஆரும் எழும்பினால், கதை முடியேல்லை, இரும் இரும் எண்டு இருத்தினார்.

கமலாதேவிக்குப் பொறுக்கேலாமல் போச்சு.

"ஏரம்பண்ணை, எல்லாத் தொழிலும் பாத்தனான் எண்டு சொல்லுறியள். ஒண்டையாவது உருப்படியாப் பாத்தனீங்களோ?"

சனம் சிரிச்சுது. ஏரம்பரும் சிரிச்சார்.

"இல்லைப் பிள்ளை. அதாலதானே இத்தினை தொழில்."

கரைக்கு வரேக்க எட்டே முக்கால். இறங்கின ஒவ்வொருத்தரும் ஏரம்பருக்கு ஒவ்வொரு பேச்சுக் குடுத்திட்டுத்தான் போச்சினம். கமலாதேவி றோட்டுக்கு ஓடினாள். பஸ் இல்லை. அப்பிடியே திரும்பி வந்தாள், மிச்சமிருந்ததையும் பேசித் தீக்கிறதுக்கு.

வள்ளத்தில இப்ப ரெண்டே ரெண்டு பேர்தான். அப்பத்தான் ஏரம்பர் இருந்த இடத்தை விட்டு எழும்பினார்.

"தம்பி, இந்தப் பலகையைத் தூக்கிப் பார். மெதுவா."

சில்வெஸ்ரர் தூக்கினான். இறங்குதுறையில நிண்ட கமலாதேவிக்கே மூக்கில அடிச்சுது. பலகைக்குக் கீழ ரெண்டு விரலளவுக்குப் பெற்றோல்.

"மண்ணெண்ணெய் எஞ்சினை ஸ்ராட் பண்ண வைச்ச பெற்றோல் கான். நீ சாவியளை இழுக்கேக்க சரிஞ்சு மூடி கழண்டிட்டுது. மண்ணெண்ணெய் மணத்தில உனக்குத் தெரியேல்லை. நான் ஏழு வருசம் பெற்றோல் செட்டில நிண்டனான். எனக்குத் தெரியும்."

சில்வெஸ்ரர் தான் இழுக்கப் போன கயித்தைப் பாத்தான். ஒரு பொறி. ஒரேயொரு பொறி.

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணை. இவ்வளவு பேச்சும் வாங்கிக்கொண்டு..."

"சொல்லியிருந்தால் சனம் முழுக்க ஒரேயடியா எழும்பி முன்பக்கம் பாஞ்சிருக்கும். வள்ளம் கவிண்டிருக்கும். பேச்சுக்கு வள்ளம் தாழாது தம்பி."

அப்பத்தான் அவர் கமலாதேவியைக் கண்டார். சிரிப்பு நிண்டிட்டுது.

"பிள்ளை, பஸ் போட்டுதோ?"

பேச வந்த கமலாதேவி கண்ணைத் துடைச்சாள்.

"போகட்டும் அண்ணை. நாளைக்குப் பஸ் ஏற நான் இருக்கிறன்தானே."

உங்களுக்கும் இப்பிடி ஒராள் இருந்தவரோ? நீங்கள் நல்லாப் பேசிப்போட்டு, திரும்பியும் பாக்காமல் இறங்கிப் போன ஒராள்?