பெயரில்லாத ஆறு பாட்டில்கள்

ஐந்தாவது பாட்டிலும் மூடியைத் திருகியதும் புஸ்ஸென்றது.

சிவப்பு ஒயின் அப்படிச் சத்தம் போடக் கூடாது. போட்டால், உள்ளே அது இன்னும் நுரைத்துப் புளித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நோலீன் ஒரு வாய் உறிஞ்சி, கொப்பளித்து, சிங்க்கில் துப்பினாள். முகத்தைச் சுளிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் மனைவி கத்தினால் எப்படியாவது சமாளித்துவிடலாம். அமைதியாகிவிட்டால் அன்றைக்கு வீட்டில் வேறு வேலை நடக்காது.

போன வாரம் இணையத்தில் அவளே வரவழைத்த பாட்டில்கள் இவை. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆறாவதை அவள் திறக்கவே இல்லை. அதன் மூடி நடுவில் உப்பியிருந்தது. ஈரத் துண்டில் சுற்றி மெதுவாக ஃபிரிட்ஜில் படுக்க வைத்துவிட்டு, போனை எடுத்தாள்.

“விட்டுத் தொலை, நோல்,” என்றேன். “பேரே போடாத சரக்கு. யாரு கேக்கப் போறா?”

“நான் கேக்கப் போறேன்.”

பெயரில்லாத சரக்கு எங்கள் பக்கம் புதிதல்ல. மிஞ்சிய ஒயினைத் திராட்சைத் தோட்டக்காரர்கள் தரகரிடம் தள்ளிவிடுவார்கள். தரகர் இணையக் கடைக்கு விற்பார். பாட்டிலின் முன்பக்கம் மொட்டையாக இருக்கும். பின்பக்கம் திராட்சை ரகம், ஆண்டு, ஒரு எண், அவ்வளவுதான். செய்தது யாரென்று குடிப்பவருக்கும் தெரியாது, விற்பவருக்கும் தெரியாது. எங்கள் ஊர் பார்மராவில் இதைக் குடிக்காத வீடு கிடையாது, குடிப்பதாக ஒப்புக்கொள்ளும் வீடும் கிடையாது.

நாற்பது நிமிடம் அந்த இணையக் கடையின் காத்திருப்பு இசையைக் கேட்ட பிறகு, மெல்பர்னிலிருந்து ஜாரட் என்றொருவன் பேசினான். நோலீன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள்.

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றான். வேண்டாம் என்றாள். வேறு ஒரு பெட்டி அனுப்புகிறேன் என்றான். அதுவும் வேண்டாம்.

“அப்ப என்னதான் மேடம் வேணும்?”

“இந்த எண் போட்ட பாட்டில் ஒண்ணுகூட இனி வெளிய போகக் கூடாது. சனிக்கிழமை தள்ளுபடின்னு போட்டிருக்கீங்க. நாப்பத்துமூணு டிகிரி வெயில்ல வண்டியில போய், யாரு கையிலயாவது வெடிச்சா?”

ஜாரட் சிரித்துவிட்டான். “வெடிக்கிறதுக்கு இதென்ன பட்டாசா மேடம்?”

நானும் லேசாகச் சிரித்தேன். நோலீன் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டேன்.

ஒருவர் சொன்னால் சரக்கை நிறுத்த முடியாது, பத்துப் பேராவது புகார் செய்ய வேண்டும் என்றான். பத்தாவது ஆளுக்குக் கண் போன பிறகா என்று இவள் கேட்டாள். அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“மேடம், ஒண்ணு சொல்றேன். நான் இதை மேல அனுப்பினா, தரகரைப் பிடிச்சு, செஞ்சவங்க யாருன்னு தோண்டி எடுத்துடுவாங்க. அப்புறம் அவங்ககிட்ட யாரும் ஒரு சொட்டு வாங்க மாட்டாங்க. இந்த வருஷத் திராட்சை கொடியிலயே காய வேண்டியதுதான். யாரோ சின்னத் தோட்டக்காரங்களா இருக்கும். பாவமில்லையா?”

நான் டீக்கோப்பையைக் கீழே வைத்தேன்.

“கேட்டியா?” என்றேன் அவளிடம், மெதுவாக. “பாவம்ங்கறான்.”

நோலீன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. அனுமதி கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். எனக்கு அவ்வளவு பயம்.

“அனுப்பு,” என்றாள் போனைப் பார்த்து.

“காரணம்னு ஒரு கட்டம் இருக்கு மேடம். ருசி பிடிக்கலைன்னு போட்டா தூக்கி ஓரமா வெச்சிடுவாங்க.”

“எழுதிக்க. கடைசித் தொட்டி. அதுல சர்க்கரை மிச்சம் இருந்துச்சு. பாட்டில் அடைக்கிற லாரி மத்தியானம் அடுத்த தோட்டத்துக்குப் போயாகணும். அந்த அவசரத்துல வடிகட்டாமலே, ஈஸ்ட்டோட அடைச்சாச்சு. மொத்தம் ஆயிரத்து இருநூறு பாட்டில்.”

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் பாதியில் நின்றது.

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“அது எங்க தொட்டி. வடிகட்ட வேணாம்னு சொன்னது நான்தான், தம்பி. என் பேரை எழுதிக்க. நோலீன் ஸாடோ.”

அவன் எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னான். அவள் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

அன்றைக்கு லாரியை மறித்துக்கொண்டு, வடிகட்டியே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தவள் அவள். வேண்டாம் என்று சொன்னவன் நான்.